லண்டனில் எங்களுக்கு ஒரே ஒரு நாள், அன்றைக்கு மழையாம். அம்மாவையும் மகனையும் எங்கே கூட்டிப் போகலாம்?

கல்லடிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. வருகிற கிழமை அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு லண்டன் போகிறேன். இல்ஃபர்டில் இருக்கிற அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. சனிக்கிழமை சடங்கு. அதற்கு முன்னுக்குப் பலகார வேலை, பின்னுக்குச் சொந்தக்காரர் வீட்டு விருந்து. நடு லண்டனைப் பார்க்க எங்களுக்கென்று மிஞ்சுவது வியாழக்கிழமை மட்டும்தான். அக்காவுக்கு அன்றைக்கு வேலை. நாங்கள் மூன்று பேரும் தனியத்தான் போக வேண்டும்.

போனில் பார்த்தால் அந்தக் கிழமை முழுக்க மழைப்படம்தான் காட்டுகிறது. கார்த்திகை மாதம் என்றால் இங்கே இப்படித்தான் என்று அக்காவும் சொல்கிறா.

அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலும் நோ. மெதுவாக நடப்பா, படி ஏறினால் இடையில் நின்று மூச்செடுக்க வேண்டும். சேலையைத் தவிர வேறு எதையும் உடுத்தமாட்டா. மகனுக்கு ஒன்பது வயது. எதைக் கண்டாலும் ஏன், எப்படி என்று கேட்டுக்கொண்டே வருகிற பிள்ளை. நாங்கள் போட்டு வைத்திருந்த திட்டம் இது: மகாராசா மாளிகையில் காவல் மாறுவதைப் பார்க்கிறது, பிக் பென், லண்டன் ஐ ராட்டினம், டவர் பிரிட்ஜ், பிறகு மேல்மாடி திறந்த பஸ்ஸில் ஒரு சுற்று. மழை என்றால் இதில் எது மிஞ்சும்? ஒரு பவுண் 400 ரூபாவைச் சுற்றி நிற்கிறது. காசு கட்டி ஏறிவிட்டு, ஒன்றும் தெரியாமல் நனைந்துகொண்டு திரும்பி வந்தால் மனம் ஆறாது.

அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எங்கே போனாலும் சரி, ஒரு கோயில் வாசலையும் காட்டு பிள்ளை."

போய் வந்தவர்கள், அங்கேயே இருக்கிறவர்கள் சொல்லுங்கள். நன்றி.

ஈஸ்ட்ஹாம் தம்பி:

அக்கா, எனக்கு ஊர் வாழைச்சேனை. இங்கே வந்து கனகாலம்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்கிறேன். நம்ம மாரியை மனதில் வைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். லண்டனில் வருடம் முழுக்கப் பெய்வதே 600 மில்லிமீற்றர் சொச்சம். நம்ம பக்கம் அது 1,600ஐத் தாண்டும். அதிலும் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்க்கும். இங்கே வெள்ளம் ஏறி தாம்போதி மூடுகிற மழை இல்லை. நசநசவென்று நாள் முழுக்கத் தூறும், கொஞ்சம் விடும், திரும்பவும் தூறும். கஷ்டப்படுத்துவது காற்றும் குளிரும்தான். மடக்குக் குடையைக் காற்று ஒரே இழுப்பில் திருப்பிப் போட்டுவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள்.

உங்கள் பட்டியலில் காவல் மாற்றம் மழை பலமாக இருந்தால் நடக்காது, நிறுத்திவிடுவார்கள். திறந்த பஸ் வேண்டவே வேண்டாம். லண்டன் ஐ 135 மீற்றர் உயரம். கூண்டு மூடிய கண்ணாடிதான், நனையமாட்டீர்கள், ஆனால் மேகம் இறங்கிய நாளில் உயரப் போய் வெள்ளையைத்தான் பார்ப்பீர்கள். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

அதற்குப் பதிலாகச் சாதாரண சிவப்பு பஸ்ஸின் மேல்தட்டில் முன் சீற்றில் மகனை இருத்துங்கள். கட்டணம் குறைவுதான். முதல் பஸ்ஸில் அட்டை தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ்ஸில் மாறி ஏறினாலும் மேலதிகமாக எடுக்காது. பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள், அதை மறக்க வேண்டாம். வங்கி அட்டை அல்லது ஒய்ஸ்டர் என்கிற, காசு போட்டு வைக்கிற பயண அட்டை வேண்டும், உங்களுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தொட முடியாது. மகனுக்கு 11 வயது ஆகாததால் பஸ் இலவசம், ட்யூப் என்கிற நிலக்கீழ் ரயிலிலும் உங்களோடு வந்தால் இலவசம்.

இல்ஃபர்டில் இருக்கிறது உங்களுக்குப் பெரிய வசதி. எலிசபெத் லைன் என்று 2022இல் திறந்த ரயில் அங்கிருந்து நேரே நடு லண்டனுக்குள் போகிறது. மாற வேண்டியதில்லை. அம்மா ஒரு படி கூட ஏறாமல் போகலாம், எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கிறது.

மழை விட்ட நேரம் பார்த்து தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் கொஞ்சம் நடந்தால் பிக் பென்னும் தெரியும், பாலங்களும் தெரியும். எனக்கு லண்டன் என்றால் அதுதான்.

களுதாவளை வாத்தியார்:

மகள், நான் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர். மூத்த மகன் லண்டனில் இருப்பதால் நானும் மனைவியும் அங்கே போய் நின்றிருக்கிறோம். உங்கள் கேள்வியைக் கண்டவுடன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

மழை நாளில் ஐந்து இடம் ஓட வேண்டாம். ஓடினால் ஒவ்வொரு இடத்திலும் நனைந்த கோட்டைக் கழற்றுவதும் போடுவதுமாகவே நாள் முடிந்துவிடும். கூரை உள்ள ஒரே இடத்துக்குள் போய், ஆறுதலாக நின்று, இருந்து, பார்த்துவிட்டு வாருங்கள். அந்த ஒரே இடம் பிரிட்டிஷ் மியூசியமாக இருக்கட்டும். டிக்கெட் இல்லை, இலவசம். 1759இல் திறந்தபோதும் இலவசமாகத்தான் திறந்தார்கள். வேறு பத்துக் காரணம் சொல்லலாம், ஆனால் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். நம்ம கரையில் கிடைத்த ஒரு பெண் உருவம் அங்கே நிற்கிறது. மட்டக்களப்பிலிருந்து லண்டன் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பி வருவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

தாரா தேவியின் சிலை அது. பௌத்தத்தில் மகாயானப் பிரிவினர் வணங்கிய, இரக்கத்தின் தெய்வம். கடலில் போகிறவர்களை ஆபத்திலிருந்து காப்பவள் என்றும் நம்பினார்கள். 8ஆம் நூற்றாண்டு அளவில் செய்தது. 143 சென்ரிமீற்றர் உயரம். மெழுகில் உருவம் செய்து, அச்செடுத்து, வெண்கலத்தைத் திண்மமாக வார்த்து, மேலே பொன் பூசியிருக்கிறார்கள். அந்தப் பொன் இன்னும் இருக்கிறது. கிடைத்த இடம் என்று எழுதி வைத்திருப்பது, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரை. அவ்வளவுதான். வெருகலா, கதிரவெளியா, வாகரையா, பனிச்சங்கேணியா, எந்த மண் என்று ஒருவரும் குறித்து வைக்கவில்லை. நாம் வாகரைப் பாதையால் திருகோணமலைக்கு பஸ்ஸில் போகும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற அந்த நிலத்தில் எங்கேயோ ஒரு இடம்.

அங்கே போனது எப்படி? இலங்கையின் ஆளுநராக 1812 முதல் 1820 வரை இருந்த றொபேட் பிரௌன்றிக் கையில் இது போய்ச் சேர்ந்தது. 1815இல் கண்டி இராச்சியத்தைப் பிரிட்டிஷார் எடுத்தபோது இருந்த ஆளுநர், 1818 ஊவா எழுச்சியை அடக்கியதும் இவர்தான். 1830இல் இந்தச் சிலையை மியூசியத்துக்குக் கொடுத்தார். உடம்பின் மேற்பாதி திறந்திருக்கிறது என்பதால், பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டக்கூடாது என்று சுமார் 30 வருடம் உள்ளே வைத்து, ஆராய்ச்சிக்காரருக்கு மட்டும் காட்டினார்களாம். கண்டி ஒப்பந்தத்தை எத்தனையோ வகுப்புக்கு நான் படிப்பித்திருக்கிறேன். பிரௌன்றிக் என்ற பெயரைப் பிள்ளைகள் பாடமாக்கி எழுதுவார்கள். அந்தப் பெயரை அந்தச் சிலையோடு சேர்த்து அங்கே வாசித்தபோது, பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு ஆள் எழுந்து வந்து முன்னால் நின்றது போல இருந்தது.

நாங்கள் போனதும் மழைநாள்தான். இனி எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முன்வாசல் கிரேட் றஸல் ஸ்றீற் பக்கம். மழையில் அங்கே வரிசை நீளும். பின்னால் மொன்டேகு பிளேஸ் என்ற தெருவில் இன்னொரு வாசல் உண்டு, பெரும்பாலும் கூட்டம் குறைவு. அந்த வாசலால் போனால் 33ஆம் இலக்க அறை கிட்ட. சீனமும் தெற்காசியாவும் அந்த நீண்ட அறையில்தான். தாரா அங்கேதான் நிற்கிறா.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள். ஒரு இடுப்பு சற்று ஒசிந்து, பாரம் ஒரு காலில் இறங்க நிற்கிறா. பிறகு கிட்டப் போய் வலது கையைப் பாருங்கள். கீழே தொங்கவிட்ட கை, உள்ளங்கை நம்மைப் பார்த்துத் திறந்திருக்கிறது, கொடுக்கிற கை. இடது கையில் தாமரை இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இப்போது விரல்கள் எதையோ பிடித்த பாவனையில் இருக்க, உள்ளே ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே உடுத்த சேலை காலோடு ஒட்டி, கணுக்கால் வரைக்கும் மெல்லிய மடிப்பாக இறங்குகிறது. அந்த மடிப்பைத் தொடையிலிருந்து கணுக்கால் வரை கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னர் ஒரு மனிசன் மெழுகில் நகத்தால் இழுத்த கோடு போல அவ்வளவு இலேசு. மகனைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் கூட்டிப் போங்கள், உயர்ந்த கொண்டைக் கிரீடம் அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும்.

என் மனைவி படிப்பு அதிகம் இல்லாதவ. வைகாசிச் சடங்குக்கு ஒவ்வொரு வருடமும் கண்ணகி அம்மன் கோயிலில் விரதம் இருக்கிறவ. சிலையின் முன்னால் வந்து நின்றவ ஒன்றும் பேசவில்லை. சப்பாத்தைக் கழற்றினா. "இங்கே கழற்றத் தேவையில்லை" என்றேன். "உங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லிவிட்டு, கைகூப்பி நின்றா. மியூசியக் காவலர் ஒருவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. புத்த சமயத் தெய்வம் என்று பிறகு விளங்கப்படுத்தினேன். "அம்மா அம்மாதானே" என்றா. ஆகவே உங்கள் அம்மா கேட்ட கோயில் வாசலில் பாதி இங்கேயே கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன், மகள்.

அதே அறையில் சோழர் கால நடராசர் இருக்கிறார், 1100ஆம் ஆண்டு அளவிலான வெண்கலம். பக்கத்திலேயே 33ஏ அறையில் ஆந்திராவில் இருந்த அமராவதி பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் ஒவ்வொரு கல்லிலும் ஆட்கள், யானை, மரம் என்று ஒரு ஊரே இருக்கும். மகனுக்கு அது பிடிக்கும், யானைகளை எண்ணச் சொல்லுங்கள்.

பிறகு நடுமண்டபத்துக்கு வாருங்கள். 2000ஆம் ஆண்டில் அதற்குக் கண்ணாடிக் கூரை போட்டார்கள், 3,312 கண்ணாடித் துண்டுகள், ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. மழைநாளில் அதன் கீழே வாங்கில் இருந்து அண்ணாந்து பார்த்தால் தண்ணீர் கண்ணாடி வழியே ஓடுவது தெரியும். அம்மாவை அங்கே இருத்திவிட்டு, நீங்கள் மகனை 4ஆம் அறைக்குக் கூட்டிப்போய் றொசெற்றா கல்லைக் காட்டலாம். கி.மு. 196இல் வெட்டிய ஒரே கட்டளை, மூன்று வகை எழுத்தில். அதை வைத்துத்தான் எகிப்தியரின் பட எழுத்தை வாசிக்கக் கற்றார்கள். ஏன், எப்படி என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை உலகத்தில் குறைவு. கூட்டம் நிற்கும், பிள்ளையை முன்னுக்கு விடுவார்கள்.

இவ்வளவும் போதும். மம்மிகளையும் பார்க்க வேண்டும் என்று மேல்மாடிக்கு அம்மாவை இழுக்க வேண்டாம். அந்தக் கட்டடத்தை ஒரு நாளில் பார்த்து முடித்தவர் ஒருவரும் இல்லை.

அக்கரைப்பற்றான்:

தங்கச்சி, சேர் சொன்னது பெறுமதியான விடயம், நானும் இப்போதுதான் அறிகிறேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையோடு போகிறீர்கள். நான் என் பிள்ளைகளோடு போன அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன்.

தெற்குக் கென்சிங்ரன் ட்யூப் ஸ்டேஷனில் இறங்கினால் நிலத்துக்குக் கீழாலேயே ஒரு நீண்ட நடைபாதை மியூசியங்கள் பக்கம் போகிறது, மழைக்கு அது பெரிய உதவி. இயற்கை வரலாற்று மியூசியம், விஞ்ஞான மியூசியம், விக்டோரியா அண்ட் அல்பேட் மியூசியம் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், மூன்றும் இலவசம். இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு ஒன்லைனில் இலவச நுழைவு நேரம் பதிந்துவிட்டுப் போங்கள். மழை என்றால் லண்டன் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான்.

நடுமண்டபத்துக்குள் காலை வைத்ததும் தலைக்கு மேலே நீலத்திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, 25.2 மீற்றர், வாயைத் திறந்துகொண்டு கீழே பாய்கிற மாதிரித் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம். என் இளையவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் படுத்துவிட்டான், முழுசாகப் பார்க்க அதுதான் வழியாம். திருகோணமலைக் கடலில் இதே நீலத்திமிங்கிலம் வருகிறது, மீன்பிடிக்கப் போகிற நம்ம ஆட்கள் கண்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அவனுக்கு நம்ப முடியவில்லை.

அங்கே எரிமலை, நிலநடுக்கம் பற்றிய பகுதியில் ஒரு கடை போல செய்து வைத்திருக்கிறார்கள். ஏறி நின்றால் தளம் ஆடும். 1995 கோபே நிலநடுக்கத்தின் ஆட்டம். 2004 மார்கழி 26க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் நம்மிடம் சுனாமி எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். கடலுக்கு அடியில் நிலத்தட்டு எப்படி நகர்கிறது என்று படத்தோடு அங்கே காட்டியிருப்பதைப் பார்த்த பிறகுதான் என் பிள்ளைகளுக்கு அது விளங்கியது. கல்லடிப் பிள்ளைக்கும் அது தேவைப்படும் என்று நினைக்கிறேன்.

சேர் சொன்ன பிரிட்டிஷ் மியூசியத்தையும் இதையும் ஒரே நாளில் வைக்க வேண்டாம், உம்மாவின் காலுக்கு ஆகாது. ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

நம்ம ஆட்கள் யாராவது இதை வாசித்தால்: அதே எலிசபெத் லைனில் வைற்சப்பல் ஸ்டேஷனில் இறங்கினால் ஈஸ்ட் லண்டன் பள்ளிவாசல் நடக்கிற தூரம். பெண்களுக்கும் தொழ இடம் உண்டு, சுற்றிவர ஹலால் சாப்பாட்டுக் கடைகள்.

திருக்கோவில் மகன்:

வாத்தியார் மீது மரியாதை உண்டு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நம்ம மண்ணில் இருந்து கொண்டுபோன பொருளை அவர்களுடைய கட்டடத்தில் போய் நின்று கும்பிட்டுவிட்டு வருவது சரியா? அவர்கள் பெருமைக்கு நாமும் ஆள் சேர்க்கிற மாதிரி ஆகாதா? நான் லண்டனில் இரண்டு வருடம் படித்தேன். அந்த வாசலைத் தாண்டி உள்ளே போக எனக்கு மனம் வரவில்லை.

களுதாவளை வாத்தியார்:

தம்பி, உங்கள் கோபம் நியாயமானது. அந்தச் சிலை திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அங்கே 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மியூசியத்தின் பொருளை அறங்காவலர்கள் நினைத்தவுடன் கொடுத்துவிட முடியாது, விதிவிலக்கு மிகச் சில. ஆகவே லேசில் நடக்காது. ஆனால் நடக்கவே நடக்காது என்றும் இல்லை. 2023இல் நெதர்லாந்து ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. 1765இல் கண்டியிலிருந்து ஒல்லாந்தர் எடுத்துப்போன, வெள்ளியும் பொன்னும் இழைத்த பீரங்கி அதில் ஒன்று. ஆம்ஸ்டர்டாமில் கனகாலம் காட்சிக்கு இருந்தது இன்று கொழும்பில் இருக்கிறது.

ஒரு பொருள் திரும்பி வர வேண்டும் என்றால் அது இருக்கிறது என்று சொந்தக்காரருக்கு முதலில் தெரிய வேண்டும். கிழக்கு மாகாணத்தில் பத்துப் பேரை நிறுத்தி தாரா சிலையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஆசிரியர் கூட்டத்திலேயே கேட்டேன், ஒரு கை கூட உயரவில்லை. இந்தத் தங்கச்சியின் மகன் ஒன்பது வயதில் அதன் முன்னால் நின்று, "இது எங்கள் கரையில் கிடைத்தது, ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியை அவன் அறுபது வயது வரைக்கும் கொண்டு திரிவான். வாசலைத் தாண்டாமல் விட்டால் அவனுக்கு அந்தக் கேள்வி கிடைக்காது. உங்களைப் போலப் படித்த பிள்ளைகளும் உள்ளே போக வேண்டும், பார்க்க வேண்டும், எழுத வேண்டும், கேட்க வேண்டும்.

கும்பிடுவதைப் பற்றி: என் மனைவி கும்பிட்டது சிலையை. கட்டடத்தை அல்ல.

திருக்கோவில் மகன்:

சரி சேர். எந்த இடத்தில் எடுத்தார்கள் என்றே தெரியாது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்கு மனதில் தைக்கிறது. அடுத்த முறை போனால் பார்க்கிறேன்.

கல்லடிக்காரி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாத்தியார் எழுதியதை வாசித்துக் காட்டினேன். வாகரை என்ற பெயர் வந்ததும் வாசித்ததை நிறுத்தச் சொல்லி, திரும்பவும் அந்த இடத்திலிருந்து வாசிக்கச் சொன்னா. அம்மம்மாவின் ஊர் கதிரவெளி. ஆகவே இடம் முடிவாகிவிட்டது, பிரிட்டிஷ் மியூசியம்தான். அக்கரைப்பற்று நானா, திமிங்கிலத்தை மகன் விடமாட்டேன் என்கிறான். சடங்கு முடிந்த பிறகு அக்காவின் மகன் கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னும் மூன்று கேள்வி. அம்மா சேலையோடு மழைக்குள் எப்படிச் சமாளிப்பது? மியூசியத்துக்குள் நின்றுகொண்டே இருக்க முடியாது, என்ன செய்வது? திரும்பி வரும் வழியில் கோயில் ஒன்று உண்டா?

ஆரையம்பதி அக்கா:

பிள்ளை, நானும் இல்ஃபர்ட்தான். உங்கள் அக்காவுக்குப் பக்கத்துத் தெருவாகக்கூட இருக்கலாம்.

சேலைக்கு வழி இது. உள்ளுக்குத் தடிப்பான கம்பளிக் காற்சட்டை போடச் சொல்லுங்கள், இங்கே எந்த மலிவுக் கடையிலும் கிடைக்கும். காலுக்கு மேஸ் (சொக்ஸ்), வழுக்காத அடியுள்ள சப்பாத்து. செருப்போடு மட்டும் வெளியே விட வேண்டாம். சேலையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுங்கள். ஓரம் நனைந்தால் அந்த ஈரம் மெல்ல மேலே ஏறும், மியூசியத்துக்குள் சூடாக இருந்தாலும் காலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். என் மாமி வந்தபோது ஒரு மாற்றுச் சோடி மேஸைப் பையில் போட்டுக் கொண்டுபோய், போன உடனே மாற்றிவிட்டேன். அது பெரிய ஆறுதல். பையைச் சின்னதாக வைத்திருங்கள். வாசலில் பை சோதிப்பார்கள், சில்லு வைத்த சூட்கேஸை உள்ளே விடமாட்டார்கள்.

முழங்காலுக்கு: மியூசியத்தில் கேட்டால் சக்கர நாற்காலி இரவல் தருவார்கள், காசு இல்லை. அம்மா வெட்கப்பட்டால், "பார்க்க வந்தது சிலையை, நடக்க அல்ல" என்று சொல்லுங்கள்.

இல்ஃபர்டில் எலிசபெத் லைன் ஏறி ரொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்குங்கள், அரை மணி நேரத்துக்குள் போய்விடும். அங்கிருந்து பெட்ஃபர்ட் ஸ்குவயர் பக்கத்தால் மெதுவாக நடந்தால் வாத்தியார் சொன்ன பின்வாசலுக்குக் கால் மணி நேரம். மழை பலமாக இருந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் டாக்சி பிடியுங்கள், அந்தக் காசைப் பார்க்க வேண்டாம். மியூசியம் காலை 10 மணிக்குத் திறந்து 5 மணிக்கு மூடும். வெள்ளிக்கிழமை மட்டும் இரவு 8.30 வரை. பலகார வேலையை அக்கா வியாழனுக்கு மாற்றுவா என்றால் வெள்ளி பின்னேரம் போங்கள், கூட்டம் அடங்கியிருக்கும். இல்லாவிட்டால் வியாழன் காலை பத்துக்கே வாசலில் நில்லுங்கள். நுழைவு இலவசம்தான், ஆனாலும் ஒன்லைனில் நேரம் பதிந்தால் வரிசையில் காத்திருப்பது குறையும்.

கோயில்: திரும்பி வரும்போது இல்ஃபர்டுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் மேனர் பார்க்கில் இறங்குங்கள். சேர்ச் ரோட்டில் ஸ்ரீ முருகன் கோயில். ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம், ஆனால் அம்மாவோடு என்றால் அதற்கும் ஒரு வாடகைக் கார்தான் நல்லது. மத்தியானத்தில் நடை சாத்தியிருக்கும், பின்னேரப் பூசை நேரத்தைப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கார்த்திகையில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், அதைப் பார்த்து அம்மா இரவாகிவிட்டது என்று அவசரப்படுவா, முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பசித்தால் கோயிலிலிருந்து ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்றீற் பக்கம் போங்கள். இடியப்பமும் சொதியும் சுடச்சுடக் கிடைக்கும். நான் வியாழன் பின்னேரம் வீட்டில்தான். அக்காவிடம் சொல்லி எனக்கு ஒரு செய்தி போட்டால் மேனர் பார்க்குக்குக் காரோடு வந்து நிற்கிறேன்.